12 பேர், 5 மிருதங்கம், 50 நிமிடம்: கல்லூரி வகுப்பில் எப்படிப் பாடம் எடுப்பது?

தக_திமி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது. ஒன்பது வயதில் மிருதங்கம் கற்க உட்கார்ந்தேன். 14 வருடம் ஒரே வாத்தியாரிடம், அவர் வீட்டுத் திண்ணையில்தான் பாடம். அவர் எனக்கு ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை. மிருதங்க ஒலிகளை 'த, தி' என்று அவர் வாயால் சொல்லுவார், நான் திருப்பிச் சொல்லுவேன், அப்புறம் வாசிப்பேன். தப்பு வந்தால் தாளத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் அசைப்பார். மறுபடி முதலிலிருந்து. சில நாட்கள் ஒரே ஒரு சொல்லோடு மாலை முடிந்துவிடும்.

இப்போது ஒரு இசைக்கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருட டிப்ளமோ. முதல் வருடத்தில் 12 பேர். துறையில் இருக்கும் மிருதங்கம் ஐந்து. ஒரு வகுப்பு 50 நிமிடம். வருடக் கடைசியில் தேர்வு வைத்து, ஆதி தாளத்தில் ஒரு சின்ன தனி ஆவர்த்தனம் (பாட்டில்லாமல் மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பகுதி) வாசிக்கச் சொல்லுவார்களாம். எழுத்துத் தாளும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரே வழி ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது. அதை வைத்து 12 பேரை எப்படிச் சமாளிப்பது? பாடத்தை எழுதிக் கொடுத்துவிடலாமா? எழுதிக் கொடுத்தால் என் வாத்தியாருக்குத் துரோகம் செய்கிற மாதிரி மனது உறுத்துகிறது. எழுதாவிட்டால் இந்தப் பிள்ளைகள் தேர்வில் என்ன செய்வார்கள் என்று பயமாக இருக்கிறது. கல்லூரியில் மிருதங்கப் பேராசிரியராக இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

—

அனுபல்லவி எழுதியது:

நான் வாய்ப்பாட்டுக்காரி, மிருதங்கம் தெரியாது. ஆனாலும் ஒரு வேண்டுகோள். கல்லூரியிலிருந்து புதிதாக வெளியே வரும் பிள்ளைகள் என்னோடு வாசிக்கும்போது கை சுத்தமாக இருக்கிறது, தனி நன்றாக இருக்கிறது. பாட்டில்தான் சிக்கல். நிரவலில் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் இடத்தில்) ஒரு வார்த்தையை மெல்ல இழுத்துப் பாடும்போது, கேட்டுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு பரனை, அதாவது அடர்த்தியான வேகச் சொற்கோவையை, கொண்டுவந்து நிரப்பிவிடுகிறார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் தம்பி. உங்கள் 12 பேரில் இரண்டு பேருக்கு அது வந்தால்கூட எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

—

கடல்தாண்டிய_காது எழுதியது:

எழுதுவது துரோகம் என்று நினைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் சொல்கட்டு (தாளச் சொற்களை வாயால் சொல்லும் முறை) கற்றவன், 31 வயதில் தொடங்கினேன். கையில் எழுத்து இல்லாமல் என்னால் அடுத்த வாரம் வரை எதையும் காப்பாற்றி வைத்திருக்க முடிந்திருக்காது.

இதில் நாம் பெருமையாக நினைக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மிருதங்கத்தை அமெரிக்கக் கண்டத்துப் பல்கலைக்கழக வகுப்புக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தவர்களில் இரண்டு பேர் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர்கள். டி. ரங்கநாதன் 1963லேயே அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார். திருச்சி சங்கரன் 1971ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார், பல பத்தாண்டுகள் அங்கே பேராசிரியர். சங்கரன் 1994ல் மிருதங்கப் பாடமுறை பற்றி நூலே எழுதினார், பின்னாளில் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) பற்றியும் எழுதினார். கச்சேரியையும் விடவில்லை. மியூசிக் அகாடமி 2011க்கான சங்கீத கலாநிதி விருதை அவருக்குத்தான் கொடுத்தது. வாயால் மட்டுமே கற்ற மனிதர்கள், ஆதி தாளம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகளின் எதிரில் உட்கார்ந்து அதை எழுத்தாகவும் கணக்காகவும் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவர்கள் வாசிப்பு குறைந்துவிடவில்லையே.

—

வலந்தலை எழுதியது:

தம்பி, வாழ்த்துகள். நான் ஒரு அரசு இசைக்கல்லூரியில் 27 வருடம் மிருதங்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போலவே திண்ணைப் பாடம்தான் எனக்கும். என் வாத்தியார் முதல் நான்கு மாதம் வாத்தியத்தைத் தொடவே விடவில்லை. தொடையில் தாளம், வாயில் சொல், அவ்வளவுதான். இரண்டு கையும் துறுதுறுவென்று இருக்கும். அந்த நான்கு மாதத்துக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அதுவும் அன்றைக்கே அல்ல, மறுநாள், வாயில் ஏறிய பிறகு. வாயில் ஏறாததை நோட்டில் ஏற்ற விடாதீர்கள். என் வகுப்பில் இதற்காக நிறையப் பிடிவாதம் பிடித்திருக்கிறேன், சில பிள்ளைகள் அழுதும் இருக்கிறார்கள்.

இந்த முடிவுக்கு நான் சும்மா வரவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வருடம் நீங்கள் பயப்படுகிற அதே பயம் எனக்கும் இருந்தது. கரும்பலகை முழுக்க மோரா, கோர்வை (தனியில் வரும் முடிப்புச் சொற்கோவைகள்) எல்லாம் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் அழகாக நகல் எடுத்தார்கள். தேர்வில் ஒரு பையன் தனி வாசித்தான், ஒரு சொல் தப்பவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நல்லவர். "சரி, இதையே கொஞ்சம் சவுக்கமாக வாசி" என்று சொல்லிவிட்டு, காலப்பிரமாணத்தை (வேகத்தை) குறைத்துத் தாளம் போட்டார். பையனால் முடியவில்லை. இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே (தாளச் சுற்றிலேயே) பழைய வேகத்துக்கு ஓடிவிட்டான். மறுபடி பிடித்து இழுத்தார், மறுபடி ஓடினான். அவன் கண் மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. மனதுக்குள் நோட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அந்தப் பக்கத்தைக் கொடுத்தவன் நான். வீட்டுக்குப் போனதும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அடுத்த ஜூலையில் எல்லாவற்றையும் மாற்றினேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் சுருதி. ஐந்து மிருதங்கம் இருக்கிறது என்றீர்கள். ஐந்தும் ஐந்து சுருதியில் இருக்கும், பந்தயமே வைக்கலாம். அப்படியே வகுப்பை ஆரம்பித்தால் பிள்ளைகளின் காது முதல் மாதத்திலேயே கெட்டுவிடும். நான் 40 நிமிடம் முன்னால் போவேன். கல்லும் கட்டையும் எடுத்துக்கொண்டு ஐந்தையும் ஒன்று சேர்ப்பேன். மூட்டின் (தோலைச் சுற்றியுள்ள பின்னல் வளையத்தின்) மேல்பக்கம் தட்டினால் சுருதி ஏறும், கீழ்ப்பக்கத்திலிருந்து தட்டினால் இறங்கும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். மூட்டில் எந்தக் கண்ணில் (வார் நுழையும் துளையில்) எவ்வளவு என்று தெரிவதற்கு வருடங்கள் ஆகும். இரண்டாவது மாதத்திலிருந்து தினமும் இரண்டு பிள்ளைகள் முறை வைத்து முன்னால் வந்து என்னோடு உட்கார்வார்கள். தொப்பிக்கு (இடது பக்கத் தோலுக்கு) ரவை பிசைந்து ஒட்டுவதும் அவர்கள் வேலை. வகுப்பு முடிந்ததும் அதைச் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். காய்ந்து போய் ஒட்டிக்கொண்டால் தோல் வீணாகும்.

அப்புறம் 12 பேர், ஐந்து வாத்தியம். இதைக் குறையாக நினைக்காதீர்கள். இதுதான் உங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. ஐந்து பேர் வாசிக்கட்டும், ஐந்து பேர் தாளம் போட்டுக்கொண்டு சொல்லைச் சொல்லட்டும். மீதி இரண்டு பேர் எதுவும் செய்யாமல் கேட்கட்டும். கேட்கிறவர்களிடம்தான் கடைசியில் கேள்வி: யார் கையில் 'நம்' சரியாக விழுந்தது, யார் மூன்றாம் காலத்தில் (வேகமான நடையில்) ஓடினார்கள்? பெயர் சொல்ல வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். முதலில் சங்கடப்படுவார்கள். பத்து நாளில் காது வந்துவிடும். பிறகு இடம் மாறுவார்கள். திண்ணையில் தனியாகக் கற்ற நமக்கு அடுத்தவன் தப்பைக் கேட்கிற பழக்கம் கிடைக்கவில்லை. அது கல்லூரியில்தான் கிடைக்கும்.

'நம்' என்றேனே, அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். த, தி, தொம், நம் என்ற முதல் நான்கு சொல்லில் மற்ற மூன்றையும் ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிடலாம். 'த' கரணை (வலது தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) மேல் மூன்று விரலும் சேர்ந்து விழ வேண்டும், 'தி' ஆள்காட்டி விரல், 'தொம்' இடது கை. நம் அப்படி வராது. ஆள்காட்டி விரல் மீட்டுத் தட்டில் (ஓரத்தில் இருக்கும் தோல் வளையத்தில்) அடிக்கிற அதே நேரத்தில் மோதிர விரல் கரணையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் கட்டையில் தட்டிய சத்தம். தொடாமல் விட்டால் சத்தம் சிதறி, வேறு ஏதோ வந்துவிடும். சரியாகத் தொட்டால் மட்டும் சட்ஜம் தம்புராவோடு போய் ஒட்டிக்கொள்ளும். அது நடக்கும்போது பிள்ளையின் முகமே மாறும், பார்த்துக்கொண்டே இருங்கள். நான் அந்த மோதிர விரலின் கீழே ஒரு சின்ன காகிதத் துண்டு வைப்பேன். அடிக்கும்போது காகிதம் நகரவும் கூடாது, கசங்கவும் கூடாது. 27 வருடத்தில் எத்தனை காகிதம் கிழித்திருப்பேனோ.

அடுத்தது பாட்டு. அனுபல்லவி அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மிருதங்கத் துறை தனியாக ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதுதான் கல்லூரிகளில் நான் பார்த்த பெரிய குறை. வாய்ப்பாட்டுத் துறையில் போய்க் கேட்டேன், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளையை அனுப்புங்கள் என்று. வந்து ஒரே ஒரு கிருதி பாடும். என் பிள்ளைகளுக்கு அது என்ன பாட்டு என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலா (தாளத்தின் முதல் தட்டிலா), தள்ளியா, எவ்வளவு தள்ளி? அதை முதல் வரியிலேயே காதால் பிடிக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் வெறும் சர்வலகு, பாட்டோடு போகும் எளிய சீரான நடை. மோரா கிடையாது, பரன் கிடையாது, முத்தாய்ப்புகூட (வரி முடிவில் வரும் சின்ன முடிப்பு) பாட்டைக் கேட்டுவிட்டுத்தான். தொப்பியில் கும்கி (இடது கையால் அழுத்தி எழுப்பும் குழைவான ஒலி) எங்கே கொடுக்கலாம் என்று பாடுகிற பிள்ளையையே கேட்கச் சொல்லுவேன். "அந்த இடத்தில் நீ வாசித்ததால் எனக்கு மூச்சு கிடைத்தது" என்று ஒரு பெண் ஒரு நாள் சொன்னாள். என் மாணவன் அதைத் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான்.

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் கடைசிக் காலத்தில் ரிஷிவேலிப் பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மைக் வேண்டாம் என்று சொன்னவர் அவர். வாத்தியத்தின் இயல்பான நாதம் காதில் விழ வேண்டும் என்ற கவலை. உங்கள் வகுப்பறையில் மைக் இருக்காது, அது பெரிய பாக்கியம். பிள்ளைகளை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்டால் போதும்.

எழுத்துத் தாளைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குக் கடைசி இரண்டு மாதம் போதும். அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

—

தக_திமி எழுதியது:

ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனது லேசாகிவிட்டது. அனுபல்லவி அக்காவுக்கும் நன்றி, 'சும்மா இருக்க'க் கற்றுக்கொடுப்பதை முதல் வருடத்திலேயே ஆரம்பிக்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். கணக்கு. எனக்கு வாத்தியார் கோர்வையைச் சொல்லாகத்தான் கொடுத்தார், எண்ணாகக் கொடுத்ததில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்கு விளக்கினால் கோர்வை வெறும் கூட்டல் கழித்தலாகப் போய்விடாதா? ஆனால் எண் தெரியாமல் சொந்தமாக ஒரு கோர்வை கட்ட அவர்களுக்கு எப்படி வரும்?

—

வலந்தலை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. எண் தேவை. ஆனால் அதுவும் நோட்டு மாதிரிதான், வாய்க்குப் பின்னால் வர வேண்டும்.

நான் செய்தது இது. ஒரே ஒரு கோர்வையை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க ஓட்டுவேன். ததிங்கிணதொம் மூன்று தடவை. தாம் என்று ஒரு கார்வை (இழுத்து நிறுத்தும் இடம்). அடுத்து ததி,கிணதொம் மூன்று தடவை (கமா ஒரு எண்ணிக்கை இடைவெளி). மறுபடி தாம் கார்வை. கடைசியில் த,தி,கிணதொம் மூன்று தடவை, சமத்தில் வந்து விழும். மூன்று வாரம் இதை வெறுமனே சொல்ல வைப்பேன். நடந்துகொண்டே சொல்லுவார்கள், படியேறிக்கொண்டே சொல்லுவார்கள். நான் எண்ணே சொல்ல மாட்டேன். கார்வை எவ்வளவு என்றுகூடச் சொல்ல மாட்டேன். என்னோடு சேர்ந்து சொல்லிச் சொல்லி அந்த நீளம் உடம்பில் பதிந்துவிடும்.

நான்காவது வாரம் எண்ணச் சொல்லுவேன். ஐந்து மூன்று 15, ஆறு மூன்று 18, ஏழு மூன்று 21. ஆக 54. ஆதி தாளத்தில் எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை), ஒரு அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக இரண்டு ஆவர்த்தனத்துக்கு 64 மாத்திரை. மீதி 10. இரண்டு கார்வை, ஆளுக்கு 5. அந்த நிமிடம் வகுப்பில் ஒரு சத்தம் எழும், "ஓ" என்று. மூன்று வாரமாக வாயில் இருந்த ஒன்றின் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா. முதல் நாளே 64 என்று பலகையில் எழுதியிருந்தால் அந்த "ஓ" வந்திருக்காது.

அப்புறம்தான் உண்மையான பாடம். வெள்ளிக்கிழமை பாட வருகிற பிள்ளை, எடுப்பு அரை அட்சரம் தள்ளி இருக்கிற கிருதியைப் பாடுகிறது என்று வையுங்கள். கோர்வை சமத்தில் முடிந்தால் பயனில்லை, எடுப்பில் போய் முடிய வேண்டும். இரண்டு மாத்திரை கூடுதலாக வேண்டும். என்ன செய்யலாம்? நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு வருடம் ஒரு பெண், கல்லூரிக்கு வருவதற்கு முன் மிருதங்கமே பார்த்திராதவள், கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "சார், ரெண்டு தாமையும் கொஞ்சம் நீட்டினா போதும்" என்றாள். கார்வை 5க்குப் பதில் 6. அவ்வளவுதான், 66. சரியாக எடுப்பில் விழுந்தது. ஒன்றரை அட்சரம் தள்ளி எடுப்பு என்றால் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் 8 என்று சொல்லிவிட்டாள். 70. கூட்டிப் பார்த்துச் சொல்லவில்லை தம்பி, சொல்லிப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு அவள் கேட்டது நீளம்தான், எண் அல்ல. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அதனால் எண் சொல்லிக்கொடுத்தால் கோர்வை கூட்டல் கழித்தலாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

—

அனுபல்லவி எழுதியது:

இந்தக் கடைசிப் பதிலைப் படித்துவிட்டு நானே தொடையில் தாளம் போட்டு அந்தக் கோர்வையைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை கார்வையில் அவசரப்பட்டேன், சமம் தாண்டிப் போய்விட்டது. நான்காவது தடவை விழுந்தது. ஐயா, ஒரு கேள்வி. இதை வாய்ப்பாட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தீர்களா? எங்களுக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

—

வலந்தலை எழுதியது:

வெள்ளிக்கிழமை பாட வந்த பிள்ளைகள் பாடி முடித்ததும் போகாமல் உட்கார்ந்து கேட்டார்கள் அம்மா. கடைசி சில வருடங்களில் அவர்களும் தாளம் போடுகிற ஐந்து பேரோடு சேர்ந்துகொண்டார்கள். அப்படி வந்ததில் ஒரு பெண் இப்போது மேடையில் நன்றாகப் பாடுகிறாள், கல்பனாஸ்வரத்தில் (மேடையிலேயே கற்பனை செய்து ஸ்வரம் பாடும் பகுதியில்) கணக்கு வைத்துக் கோர்வை பாடும்போது வலது கை விரல் தொடையில் லேசாக அசைவது எனக்குத் தெரிகிறது.

தம்பி, வகுப்பு ஆரம்பிக்கும் முன் ஒரு நாள் போய் அந்த ஐந்து மிருதங்கத்தையும் பாருங்கள். வார் தளர்ந்திருக்கிறதா, கரணை உதிர்கிறதா, வெட்டுத் தட்டு (ஓரத் தோல்) கிழிந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூட்டு மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். கல்லூரியில் அனுமதி வருவதற்குள் முதல் பருவமே போய்விடும்.